டவர் போன ராத்திரி

போன மாசம் ஒரு திங்கக்கிழமை, கடைய தெறந்து கம்ப்யூட்டர ஆன் பண்ணதுக்குள்ள ஒரு தம்பி வந்து நின்னான். நம்ம கடை தாலுகா ஆபீஸுக்கு எதுத்தாப்ல, ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், மனு டைப் அடிச்சுக் குடுக்கது எல்லாம் உண்டு, சேரன்மகாதேவி சுத்துப்பட்டுல இருந்து ஆளுக வரும். அவன் தெருவுல சாக்கடை வாறுகால் மேல போட்டிருந்த சிலாப் ஒண்ணு உடைஞ்சு உள்ள விழுந்துட்டாம், சின்னப்பிள்ளைக நடமாடுற எடமாம், அதுக்கு பஞ்சாயத்துக்கு ஒரு மனு, யூனியன் ஆபீஸுக்கு ஒரு நகல், கலெக்டருக்கு ஒரு நகல். நானும் வழக்கம்போல ஐயா வணக்கம்னு ஆரம்பிச்சு, பொதுமக்கள் நலன் கருதின்னு முடிச்சு, மூணு காப்பி எடுத்துக் குடுத்து 60 ரூபா வாங்கினேன். அவன் கையெழுத்து போட்டுட்டு இருக்கும்போது சும்மாதான் கேட்டேன், எத்தன நாளா தம்பி உடைஞ்சு கெடக்குன்னு. "ஆனி மாசத்துல இருந்து அண்ணாச்சி." ரெண்டு மாசம். அதுக்கு மேல ஒரு பலகையாவது போட்டு வச்சிருக்கியளா தம்பின்னேன். அவன் தலை நிமிந்து என்னைய பாத்தான், கேக்கக்கூடாதத கேட்ட மாதிரி இல்ல, உண்மையிலேயே புரியாத மாதிரி பாத்தான். "நாம பலகையப் போட்டு அதுல யாராச்சும் கால வச்சு விழுந்துட்டா நம்ம மேலல்லா அண்ணாச்சி வந்துரும்?"

அவன் போய்ட்டான். எனக்கு அந்த வார்த்தை போகல. நம்ம மேல வந்துரும். ராத்திரி சாப்பிடும்போதும் அதுதான், அடுத்த நாள் ஜெராக்ஸ் மெஷின் ஓடும்போதும் அதுதான். நல்ல பையன், ஐ.டி.ஐ. படிச்சவன், அந்தப் பிள்ளைக மேல அக்கறை இல்லாதவன்னா லீவ் போட்டு மனு குடுக்க வந்திருக்க மாட்டான். குழி தெறந்து கெடந்து ஒரு பிள்ளை விழுந்தா அது பஞ்சாயத்து மேல, தான் பலகை போட்டு விழுந்தா தன் மேல. அந்தக் கணக்குல அவன் கால் மண்ணாங்கட்டி மாதிரி நின்னு போச்சு. அவன் கணக்கு தப்புன்னு சொல்லவும் எனக்கு தைரியம் வரல, ஏன்னா அதே கணக்க நானும் ஒரு ராத்திரி போட்டுட்டு நின்னிருக்கேன். அதச் சொல்லத்தான் இத எழுத உக்காந்தேன்.

நான் மனு எழுத ஆரம்பிச்சு 15 வருஷத்துக்கு மேல ஆச்சு. முன்னாடி எல்லாம் வர்ற மனு பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசு சான்று, இப்படித்தான் இருக்கும். இப்ப பக்கத்து வீட்டு வேப்பமரத்து சருகு எங்க முத்தத்துல விழுதுன்னு மனு, எதுத்த வீட்டுக்காரன் வண்டிய குறுக்க போடுதான்னு மனு, நாய் குரைக்குன்னு மனு. முன்னால செவுத்துக்கு மேல எட்டிப் பாத்து ஒரு சத்தம் போட்டா முடிஞ்சு போற காரியம். சத்தம் போட்டா சண்டை வரும், ரெண்டு நாள் பேசாம இருப்பாங்க, மூணாம் நாள் குழம்பு கைமாறும். இப்ப சத்தமும் இல்ல, குழம்பும் இல்ல, நம்பர் போட்ட ஒப்புகைச் சீட்டு மட்டும் இருக்கு. நான் மனுவுக்கு எதிரி இல்ல, அது எனக்கு சோறு போடுற தொழில். 2005ல வந்த தகவல் உரிமைச் சட்டத்துல ஒரே ஒரு கேள்வி கேட்டு, நாலு வருஷமா நின்னு போயிருந்த விதவைப் பென்ஷன் ஒரு அம்மாவுக்கு திரும்ப வந்தத இந்தக் கையால டைப் அடிச்சிருக்கேன். சட்டம் இல்லேன்னா அந்த அம்மாவுக்கு இந்த ஊருல யாரும் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டாங்க. அதனால சட்டம் கூடிப்போச்சு, மனுசன் கெட்டுப்போனான்னு ஒரே வரில சொல்றவங்க பேச்சு எனக்கு ஒட்டாது. ஆனா ஏதோ ஒண்ணு கைல இருந்து நழுவிட்டு இருக்குங்கதும் கண்ணுக்கு முன்னால தெரியுது.

ஹெல்மெட்டையே எடுத்துக்கங்க. 2022 அக்டோபர்ல அபராதம் 100ல இருந்து 1000 ஆச்சு. ரெண்டு மாசம் ரோட்ல எல்லாத் தலைலயும் ஹெல்மெட். அப்புறம் வாட்ஸப் குரூப் வந்துருச்சு, பாலத்துக்கிட்ட நிக்காவ, சுத்திப் போங்கன்னு. என் கூடப்பிறந்த தம்பியே முழங்கைல மாட்டிட்டுப் போவான், தூரத்துல காக்கி தெரிஞ்சா தலைக்கு ஏறும். அவனுக்கு அது 1000 ரூபாயக் காப்பாத்துற பொருள் ஆயிட்டு, மண்டைய அவன் மறந்துட்டான். பாபநாசத்துல இன்னும் ஒரு படி மேல. பரிகாரம்னு சொல்லி உடுத்த துணிய ஆத்துல விட்டுட்டுப் போறது, அது தாமிரபரணி அடில டன் கணக்குல கெடந்து, தன்னார்வலர்க முங்கி முங்கி எடுக்காங்க. படித்துறைல துணி போடக்கூடாதுன்னு போர்டு இருக்கு. அந்த போர்டுக்கு நேர் கீழ நின்னு ஒரு அம்மா சேலைய விட்டத பாத்து, அம்மா போர்டு போட்டிருக்குல்லான்னு கேட்டேன். அவங்க கோவிக்காம பொறுமையா சொன்னாங்க, "போர்டு போட்டிருக்காங்கன்னா எடுக்கதுக்கும் ஆள் போட்டிருப்பாங்கல்லா ஐயா." அந்த போர்டு அவங்களுக்கு சொன்ன சேதி அதுதான். இந்த ஆத்துக்கு பொறுப்பு எடுத்துக்க வேற யாரோ இருக்காங்க.

கலுங்கும் பூட்டும்

எங்க ஊரு குளம் கன்னடியன் கால்வா தண்ணில நிறையிற குளம். கன்னடியன் கதை இந்தப் பக்கத்து ஆளுகளுக்கு நான் சொல்ல வேண்டாம், எங்கேயோ இருந்து வந்த ஒரு மனுசன் தனக்குக் கெடச்ச பொன்ன தனக்குன்னு வச்சுக்கிடாம, பசு நடந்த வழியே கால்வாயும் அது படுத்த எடத்துல குளமும் வெட்டினார்ங்கது. கதையோ நடந்ததோ, அந்தத் தண்ணில விளைஞ்ச நெல்லத்தான் இன்னைக்கும் தின்னுக்கிட்டு இருக்கோம், கார், பிசானம் ரெண்டு போகமும் அதுலதான். எங்க தாத்தா காலத்துல சித்திரை வைகாசில குளம் வத்தினதும் சாட்டு போடுவாங்களாம், அதாவது ஊரு வேலைக்கு வரணும்னு கூப்பிடுவாங்களாம், வீட்டுக்கு ஒரு ஆளு, மண்வெட்டியோட. கரம்பை மண்ண, அதான் குளத்து அடில படிஞ்ச வண்டல, அள்ளி வயலுக்கு அடிப்பாங்க, கரைல நண்டு வளை, எலி வளை பாத்து அடைப்பாங்க, கலுங்குல, அதாவது குளத்து மிச்சத் தண்ணி மறுகால் போற எடத்துல, கல்லுக்கு நடுவுல பலகை செருகி மண்ணு வச்சு மெத்துவாங்க. மழை கூடினா அந்தப் பலகைய எடுக்கதும் ஊர்தான். குடிமராமத்துங்கது இதத்தான்.

இதுல எனக்கு ரொம்ப நாளா மண்டைய குடைஞ்ச ஒரு விஷயம் 1858. அந்த வருஷம் மெட்ராஸ் மாகாணத்துல ஒரு சட்டம் போட்டாங்க, கட்டாய உழைப்புச் சட்டம்னு பேரு. உடையப் போற கரைய காப்பாத்த ஆளக் கூப்பிட்டா வரணும்னு அதுல இருக்கு. அதோட, ஊர் வழக்கப்படி குளம், வாய்க்கால் வேலைக்கு வர வேண்டியவன் ஊர்த்தலைவர் கூப்பிட்டும் காரணம் இல்லாம வரலேன்னா, அவன் செய்ய வேண்டிய வேலையோட கூலியப் போல ரெண்டு மடங்கு கட்டணும்னும் எழுதி வச்சிருக்கு. வழக்கமா இருந்தத சட்டமா எழுதியாச்சு, இனிமே உறுதியா நடக்கும்னுதான யாரும் நெனப்போம்? பாளையங்கோட்டைல பொருளாதாரம் படிக்கிற என் மக கிட்ட இதச் சொன்னப்ப, அவ இஸ்ரேல்ல ஹைஃபான்னு ஒரு ஊருல நடந்த ஆராய்ச்சியப் பத்தி சொன்னா. பத்து குழந்தைகள் காப்பகம், சாயங்காலம் பிள்ளைய கூப்பிட பெத்தவங்க லேட்டா வாறாங்க, டீச்சருக பாவம் காத்துக் கெடக்காங்க. ஆறு காப்பகத்துல மட்டும் பத்து நிமிஷத்துக்கு மேல லேட்டானா பத்து ஷெக்கேல் அபராதம்னு போட்டாங்க. லேட் குறையல, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆச்சு. டீச்சரக் காக்க வைக்கமேன்னு உறுத்தினது போய், காசுதான் கட்டுறோமேன்னு ஆயிட்டு. அதவிட முக்கியம், அப்புறம் அபராதத்த எடுத்த பின்னாடியும் பழைய நெலமை திரும்பல. ஊரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினின்னு ரெண்டு பேரு 2000ல எழுதினது. அவ சொல்லி முடிச்சப்ப எனக்கு அந்த ரெண்டு மடங்கு கூலிதான் ஞாபகம் வந்துச்சு. குளத்துக்கு வராதவன பாத்து ஊரு கேக்குற கேள்விக்கு விலை கெடையாது. சட்டம் விலை எழுதிருச்சு. விலை எழுதினா வசதி உள்ளவன் கட்டிட்டு வீட்ல இருப்பான்.

அதுக்கு அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணு. 40 ஹெக்டேருக்கு மேல ஆயக்கட்டு, அதாவது பாசன நெலம், இருந்தா குளம் பொதுப்பணித்துறைக்கு (2021க்குப் பெறகு நீர்வளத்துறைக்கு), அதுக்குக் கீழன்னா யூனியனுக்கு. மண்ணு கனிமம்னு விதி, 1959ல வந்தது. அது வேண்டாத விதின்னு எவன் சொல்லுவான், தாமிரபரணில மணல் அள்ளுனவங்க ஆத்த எப்படிக் குடஞ்சு வச்சாங்கன்னு கண்ணால பாத்தவங்க நாங்க. ஆனா லாரி வச்சு மணல் திருடுறவனுக்காக போட்ட வேலில ஒரு மாட்டுவண்டி கரம்பை அள்ளப் போன எங்க அப்பாவும் சேந்து நின்னுட்டாரு. ஒரு ஏக்கருக்கு ஒரு வண்டி மண்ணுக்கு எத்தன பேப்பர்னு பாத்துட்டு, வேண்டாம்லேன்னு திரும்பி வந்தாரு. 2017ல விதிய இலகுவாக்கி நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர் இலவசமா எடுக்கலாம்னு கொண்டாந்தாங்க, இப்ப தாசில்தாரே அனுமதி குடுக்கலாம்னு ஆயிருக்கு. நல்ல காரியம்தான், அந்த அப்ளிகேஷனையும் நான்தான் போட்டுக் குடுக்கேன். ஆனா நடுவுல போன வருஷங்கள்ல கரம்பை அள்ளத் தெரிஞ்ச கை போயிட்டு, குளம் நம்மளதுங்கற நெனப்பும் கூடவே போயிட்டு. அதே 2017ல குடிமராமத்துன்னு பழைய பேர வச்சே அரசாங்கம் திட்டம் கொண்டாந்துச்சு, முதல் சுத்துல 100 கோடி, விவசாயிக பங்கு பத்து சதவீதம், காசாவோ உழைப்பாவோ குடுக்கலாம். எங்க ஊருல அந்தப் பத்து சதவீதத்துக்காக ஒரு வீட்டுல இருந்தும் மண்வெட்டி வெளிய வந்து நான் பாக்கல. ஜேசிபி வந்துச்சு, போயிட்டு.

கலுங்குல பலகை போயி இரும்பு ஷட்டர் வந்தது, அதுக்குப் பூட்டு வந்தது எங்களாலதான், அதையும் மறைக்காம சொல்லணும். மேமடைக்காரங்களுக்கும் கடைமடைக்காரங்களுக்கும் தகராறு, ராத்திரில ஆளாளுக்குத் தூக்கி விட்டாங்க, கீழ்க்குளத்து ஊருக்காரங்க வயல் அழிஞ்சது. அதுக்குப் பெறகுதான் பூட்டு. சாவி ரெண்டு ஊரு தள்ளி இருக்கிற பணியாளர் கிட்ட. ஒரு தடவ ரெண்டு பயலுக பூட்ட உடைச்சு தண்ணி விட்டாங்கன்னு கேஸாகி, ஒருத்தன் சவுதிக்குப் போக பாஸ்போர்ட் போட்டப்ப போலீஸ் வெரிஃபிகேஷன்ல நின்னு போச்சு. அதுல இருந்து அந்தப் பூட்டு மேல கை வைக்க ஊருல ஆள் கெடையாது.

மார்கழி ஒண்ணாந்தேதி

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை, மார்கழி ஒண்ணு. மழையப் பத்தி நான் என்னத்தச் சொல்ல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்ச அந்த மழைய தென்பக்கத்து ஆளுக யாரும் மறந்திருக்க மாட்டாங்க. எங்க ஊருல சாயங்காலமே கரண்டு போயிட்டு. ராத்திரி ஒம்பது மணிக்கு மேல குளத்துக் கரைக்குப் போனோம், எல்லாரும் கரைலதான் நின்னாங்க, ஒரு நாப்பது பேரு இருப்போம். தண்ணி கரைக்கு ஒரு முழம் கீழ வரைக்கும் வந்து நிக்கு. கரைக்கு வெளிப்பக்கம், வயலப் பாத்த சரிவுல, ஒரு எடத்துல மணிக்கட்டு தண்டிக்கு தண்ணி பீச்சுது. அந்தக் கரைக்குக் கீழதான் ரெண்டு தெரு இருக்கு.

நாங்க என்ன செஞ்சோம்னா போன் போட்டோம். நாப்பது பேரும் போன் போட்டோம். கலெக்டர் ஆபீஸ் பேரிடர் நம்பர் 1077க்கு ஒருத்தன், தெரிஞ்ச அதிகாரிக்கு ஒருத்தன், கவுன்சிலருக்கு ஒருத்தன். ஒருத்தன் வீடியோ எடுத்து குரூப்ல போடுதான். நானும் சும்மா நிக்கல, என் போன்ல மனு டைப் அடிச்சேன். மழைல குடையப் பிடிச்சுக்கிட்டு, கரை உடையும் அபாயத்தில் உள்ளதால்னு அடிச்சேன். பூட்ட உடைப்போம்னு ஒருத்தன் சொன்னான், கேஸ் ஆயிரும்னு மூணு பேரு சொன்னாங்க, அதுல ஒருத்தன் நான். அந்த ஓட்டைல மண்ணப் போடுவோம்னு ஒரு பிள்ளை சொல்லுச்சு, தப்பா எதாச்சும் செஞ்சு கரை போயிட்டா யாரு பதில் சொல்லன்னு இன்னொருத்தர் சொன்னாரு. முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்துல ஒரு கை மண்ணு யாரும் எடுக்கல. பயம் இல்லாம இல்ல, எல்லாருக்கும் வீடு கீழதான இருக்கு. ஆனா இது யாரோ வந்து செய்ய வேண்டிய காரியம், அவங்க வர்ற வரைக்கும் நாம தொடக்கூடாதுங்கற நெனப்பு முதுகெலும்பு வரைக்கும் இறங்கியிருந்துச்சு.

பத்தரை மணி போல டவர் போச்சு. ஒருத்தன் போன காதுல இருந்து எடுத்து பாத்தான், அப்புறம் இன்னொருத்தன், வரிசையா எல்லாரும் பாத்தாங்க. யாருக்கும் ஒரு புள்ளி கூட இல்ல. அதுக்கு அப்புறம் ஒரு அமைதி வந்துச்சு பாருங்க, மழை சத்தத்துக்கு நடுவுல, அத என்னால இன்னும் மறக்க முடியல. கூப்பிட ஆளு இல்ல. அப்பத்தான் ஒருத்தர ஒருத்தர் மூஞ்சிய பாத்தோம்.

கீழத்தெரு தாத்தா அப்பத்தான் வந்தாரு, தலைல யூரியா சாக்கு, தோள்ல மண்வெட்டி, கக்கத்துல ஒரு கட்டு வைக்கோல். எண்பது வயசு இருக்கும். யார்ட்டயும் ஒண்ணும் கேக்காம சரிவுல இறங்கி, பீச்சுற தண்ணிய ரெண்டு கையிலயும் ஏந்தி, "லைட்ட அடிங்க"ன்னாரு. நான் அடிச்சேன். உள்ளங்கைல செம்மண்ணு கரைஞ்ச மாதிரி தண்ணி. "தெளிஞ்சு வந்தா பயம் இல்ல, ஊத்துன்னு விட்ருலாம். இது கலங்கி வருது, உள்ள மண்ண திங்கு." அப்புறம் மேல ஏறி தண்ணிப் பக்கம் போனாரு. வண்டிக்கயித்த இடுப்புல கட்டச் சொல்லி ஒரு முனைய என் கைல குடுத்தாரு. குளத்துக்குள்ள நெஞ்சு மட்டுக்கும் இறங்கி, கரைய ஒட்டி, ஒரு கால மட்டும் முன்ன நீட்டி நீட்டி மண்ணத் தடவிக்கிட்டே பக்கவாட்டுல நகந்தாரு. இருட்டுல ஆளு தெரியல, ஆனா அந்தக் காலு தேடுறது கயித்துல தெரிஞ்சது, ஒரு இழுப்பு, ஒரு நிப்பு, ஒரு இழுப்பு, ஒரு நிப்பு. அப்புறம் ஒரே நிப்பா நின்னுச்சு. "இங்கன இழுக்கு, கால இழுக்கு." நண்டு வளைதான், பெருசாகிப் போனது. வைக்கோலப் பந்து மாதிரி சுருட்டி, களிமண்ணு அப்பி, சாக்குல பொதிஞ்சு ஒண்ணு ஒண்ணா குடுக்கச் சொன்னாரு, அவரு காலாலயே உள்ள திணிச்சு மிதிச்சாரு. அதுக்குள்ள கரைல ஒருத்தர் பாக்கி இல்லாம வேலைல இருந்தாங்க. பொம்பளைக சேலைய முழங்காலுக்கு மேல செருகிக்கிட்டு சாக்குல மண்ணு ரொப்புதாங்க, பயலுக தூக்குதாங்க, வெளிப்பக்கம் பீச்சுற எடத்தச் சுத்தி மூட்டைய வட்டமா அடுக்குனோம். யாரும் யாரையும் சாட்டல.

பூட்டு விஷயமும் அந்த ராத்திரியே வந்துச்சு. தண்ணிய மறுகால்ல விடாம கரை நிக்காதுன்னு தாத்தா சொன்னாரு. ஆனா மொதல்ல கீழ்க்குளத்து ஊருக்கு ஆளு போகணும், சொல்லாம விட்டா அது கொலைன்னாரு. ரெண்டு பயலுக முழங்கால் தண்ணில வண்டிய தள்ளிக்கிட்டுப் போய் சொல்லிட்டு, அங்க ஆளுகள மேட்டுக்கு ஏத்திட்டாங்கன்னு திரும்பி வந்த பெறகுதான் கடப்பாரைய எடுத்தோம். எடுத்தது அந்த பாஸ்போர்ட் நின்னு போன பையன். ஒன்னய யாரும் சொல்லல, வேற ஆளு அடிக்கட்டும்னேன். "இல்லண்ணே, எனக்கு எங்க அடிக்கணும்னு தெரியும்"னான். அவன் ஓங்கினப்ப என் வாய்ல இருந்து தானா வந்துச்சு, நாளைக்கு நானே எழுதுதேன், ஊருதான் உடைச்சதுன்னு, மொதக் கையெழுத்து என்னுதுன்னு. சொன்ன மாதிரி ரெண்டு நாள் கழிச்சு எழுதினேன். எத்தன மணிக்கு உடைச்சோம், ஏன் உடைச்சோம், கீழ ஊருக்கு யாரு போய் சொன்னாங்க, புதுப் பூட்டுக்கு நாங்க காசு தாறோம், எல்லாம். 43 கையெழுத்து. என் வாழ்க்கைல நான் எழுதின மனுவுலேயே எதையும் கேக்காத மனு அது ஒண்ணுதான். வாங்கின அதிகாரி முழுசும் படிச்சாரு, ஒண்ணும் பேசல, சீல் வச்சு ஒரு நகல கைல குடுத்தாரு. கேஸ் வரல.

நாற்காலி

இதோட நிறுத்தியிருந்தா எனக்கு ஒரு முடிவு கெடச்ச மாதிரி இருந்திருக்கும். சட்டமும் பூட்டும் நம்மள முடமாக்கிருச்சு, டவர் போனதும் மனுசன் முழிச்சுட்டான், பழைய குடிமராமத்து திரும்பணும்னு பாக்குறவங்க கிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். அப்படித்தான் தை மாசம் தாத்தா முதியோர் பென்ஷன் விஷயமா கடைக்கு வந்தப்பவும் சொன்னேன். எங்க தாத்தா காலத்துல ஊர்க்கட்டுப்பாடு எப்படி இருந்துச்சு, இப்ப யாருக்கும் பொறுப்பு இல்லையே தாத்தான்னேன். அவரு நாற்காலில உக்காந்து டீய குடிச்சுக்கிட்டே ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு.

"தம்பி, அந்தக் காலம் ஒங்க தாத்தாவுக்கு நல்ல காலம்," அப்படின்னாரு. "வீட்டுக்கு ஒரு ஆளுன்னு சாட்டுவாவ. ஒங்க தெருவுல ஆளுக்குப் பதிலா நெல்லு அளந்துருவாவ. எங்க தெருவுல இருந்துதான் ஆளு போகும், ஒங்க வீட்டு ஆளுக்கும் சேத்து. நான் பத்து வயசுல அந்தக் கரைல மண்ணு சுமந்திருக்கேன். சுமந்துட்டு தண்ணி கேட்டா கைய ஏந்தச் சொல்லி மேல இருந்து ஊத்துவாவ. போகலேன்னா எங்க வயலுக்கு மடை தெறக்காது, எங்க வயலுன்னா என்ன, வாரத்துக்கு, விளைச்சல்ல பங்குக்கு, உழுதது." கொஞ்சம் நிறுத்திட்டு சொன்னாரு, "ஒங்க தாத்தா என் பேர முழுசா சொல்லிக் கூப்பிட்டது கெடையாது. நீங்க தாத்தாங்கிய. இது சும்மா வரல தம்பி."

எனக்கு கை விரல் கீபோர்ட் மேல அப்படியே நின்னு போச்சு. அது சும்மா வரலங்கது எனக்குத் தெரியும். 1955ல தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976ல கொத்தடிமை ஒழிப்பு, 1989ல வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இதுல எதையும் எங்க தெரு பொறுப்போட உக்காந்து யோசிச்சு கொண்டாரல. எங்க ஊருல ரெட்டை டம்ளர் ஒழிஞ்சது எங்க மனசு இளகி இல்ல, கேஸ் வரும்ங்கற பயத்துலதான். அந்தப் பயம் இருந்து, அது பழக்கமாகி, என் மகளுக்கு அப்படி ஒண்ணு இருந்ததே கேள்விப்பட்ட கதையா ஆயிட்டு. பயந்து செய்யது பொறுப்பு இல்லன்னு நான் பேசிக்கிட்டு திரிஞ்சதுக்கு இதுல என்ன பதில்? பயத்துல தொடங்கினது ரெண்டு தலைமுறைல மனசா மாறியிருக்கே. அப்போ ஹெல்மெட்டும் அப்படி ஆகுமோ என்னவோ. எனக்கு ஒண்ணு மட்டும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சது. அடுத்தவன் கழுத்துல கை வைக்காதேன்னு என் கையப் பிடிக்கிற சட்டம் இன்னும் வலுவா இருக்கணும், அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. என் கையால செய்ய வேண்டியத, என் வாசல்ல இருக்கிற குழிய, என் தெருவுக்கு மேல நிக்கிற கரைய, தொடாதே நான் வரேன்னு வாங்கி வச்சுக்கிட்டு, வர முடியாத தூரத்துல சாவிய வச்சிருக்கிற சட்டத்தத்தான் எனக்கு ஏத்துக்க முடியல.

தாத்தா எழுந்திருக்கும்போது, அப்புறம் ஏன் தாத்தா அன்னைக்கு ராத்திரி குளத்துல இறங்குனிய, இவ்வளவு பட்டும்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோன்னு கூட பட்டுச்சு. "அன்னைக்கு எவனும் சாட்டலைல்லா"ன்னாரு. வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டு திரும்பி, "கரைக்குக் கீழ மொத வீடு என் வீடுதான"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

அந்த சிலாப் தம்பிக்கு போன வாரம் நானே போன் பண்ணினேன். மனுவுக்கு இன்னும் பதில் வரலயாம். ஞாயித்துக்கிழமை நானும் வாறேன், எங்க வீட்ல பழைய பனங்கட்டை ரெண்டு கெடக்கு, குறுக்க போட்டு சுண்ணாம்பு அடிச்சு விடுவோம், யாராச்சும் விழுந்தா என் பேர சொல்லுன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, நீங்க வர வேண்டாம் அண்ணாச்சி, கட்டைய மட்டும் குடுத்து விடுங்கன்னான். சாயங்காலம் போட்டோ அனுப்பியிருந்தான். ஒரு கட்டை கொஞ்சம் கோணலா இருக்கு, ஓரத்துல செங்கல் அண்டக் குடுத்திருக்கான்.

இப்ப புரட்டாசி பொறந்துட்டு, ஐப்பசில மழை வந்துரும். கலுங்குல புதுப் பூட்டு தொங்குது. ஒரு மனு அடிச்சுக்கிட்டு இருக்கேன், மழைக்காலம் மூணு மாசத்துக்கு மட்டும் ரெண்டாவது சாவி ஒண்ணு ஊருல இருக்கணும், எடுத்தவங்க நோட்டுல கையெழுத்து போடணும், கீழ்க்குளத்து ஊருக்கு சொன்ன பெறகுதான் தெறக்கணும்னு. முந்தாநாள் அத தாத்தா கிட்ட வாசிச்சுக் காட்டினேன், மொதக் கையெழுத்து இந்தத் தடவ அவரு போடணும்னு. கண்ண மூடிக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "சாவி எந்தத் தெருவுல இருக்கும் தம்பி?"

நான் ஊர்க்கூட்டம் போட்டு பேசுவோம்னேன். கோயில்ல வச்சா அவங்க தெரு ஆளுக வெளிய நின்னுதான் கேக்கணும்னாரு. கரைல வச்சு பேசலாம்னு முடிவாயிருக்கு, வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு, வளை அடைக்க மண்வெட்டியும் கொண்டு வரச் சொல்லியிருக்கோம். மனுவுல மேற்படி சாவியைங்கற வார்த்தைக்கும் வசம்ங்கற வார்த்தைக்கும் நடுவுல எடத்த காலியா விட்டு வச்சிருக்கேன்.